ஏழாம் நம்பர் பனியன்

போன மாதம் பாஸ்கெட்பால் ஸ்கோர் எழுதுகிறவர்களுக்கான பயிற்சி முகாமில் உங்களில் ஒரு பெண் எழுந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அசிஸ்ட் எழுதியே ஆகணுமா சார்? பந்தக் குடுத்தவங்க பேரு எதுக்கு, கூடையில போட்டவங்க பேர எழுதினாப் போதாதா?" சாப்பாட்டு நேரம், நல்ல வெயில், எனக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சட்டென்று கோபப்பட்டு, "போதாது, உட்காரும்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப் போயிற்று. வீட்டுக்கு வந்த பிறகும் அது மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. கேள்வியில் தப்பில்லை. அந்தக் கேள்வி என்னைக் கொண்டுபோய் விட்ட இடம்தான் அப்படி. அந்த இடத்தைப் பற்றி இப்போது உங்கள் எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஸ்கோர் மேசையில் உட்கார ஆரம்பித்தது இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், துறைமுகத்தை ஒட்டி ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. ஆபீஸ் முடிந்தால் நேரே கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குப் போய்விடுவேன். கோர்ட் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். களிமண் தரை, சுண்ணாம்புக் கோடு, தேக்குப் பலகையில் அறைந்த இரும்பு வளையம், அவ்வளவுதான். உப்புக் காற்றில் வளையம் துருப்பிடித்துக் கிடக்கும். கோட்டின் மேல் நின்றவன் அதைக் காலாலேயே தேய்த்து அழித்துவிட்டு, கோடே இல்லாதபோது நான் எப்படி வெளியே போனேன் என்று நடுவரிடம் நியாயம் கேட்பான். எனக்கு விளையாட்டு வராது. குட்டையான உடம்பு, ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் ஆட்டத்தின் மேல் பைத்தியம். அதனால் பென்சிலைக் கையில் கொடுத்து மேசையில் உட்கார்த்தி வைத்தார்கள். உங்களில் பாதிப் பேர் இந்த வழியாகத்தான் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்களுக்கு ஜென்மப் பகை சிதம்பரத்துக்காரர்கள். கல்லூரி மாணவர்களும் தேரோடும் வீதிகளில் குடியிருந்த இளைஞர்களும் சேர்ந்த அணி. நன்றாக ஆடுவார்கள். நன்றாக ஆடுகிறோம் என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள், நமக்கு அந்தச் சிரமம் வைக்க மாட்டார்கள். ஒரு மாதம் அவர்கள் இங்கே வருவார்கள், மறு மாதம் நாங்கள் ரயிலேறி அங்கே போவோம்.

மேசையில் இரண்டு பேர் உட்காருவோம், ஊருக்கு ஒருவர். ஆளுக்கு ஒரு ஸ்கோர் புக். ஆட்டம் யார் ஊரில் நடக்கிறதோ அந்த ஊர்க்காரரின் புக்தான் செல்லும். மற்றவருடையது சரிபார்க்க. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நடுவர் வந்து கேட்டு முடிவு சொல்வார். சிதம்பரத்தின் சார்பில் உட்கார்ந்தவர் நடேசன். கீழவீதியில் வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், என் வயதுதான். நெற்றியில் விபூதி, காதில் பென்சில். அந்த மனிதனோடு நான் போடாத சண்டை இல்லை. மணி அடித்த பிறகு பந்து கையை விட்டதா, முன்னாலேயே விட்டதா என்று ஒரு முறை ஆரம்பித்த வாதம், ஆடினவர்கள் எல்லோரும் குளித்துச் சாப்பிட்டுத் திரும்பி வந்த பிறகும் நடந்துகொண்டிருந்தது. முதலில் ஒருவரை ஒருவர் சார் என்று கூப்பிட்டோம். சண்டை முற்ற முற்ற மச்சான் ஆகிவிட்டோம். எப்போது மாறியது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

இங்கே பனியன் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அப்போது துணிக்கு ரேஷன். வேட்டிக்கே வரிசையில் நிற்கிற காலத்தில் விளையாட்டுப் பனியனுக்கு யார் துணி கொடுப்பார்கள்? எங்கள் அணியில் எட்டுப் பேர், நம்பர் தைத்த நீலப் பனியன் ஐந்தே ஐந்து. மூன்றிலிருந்து ஏழு வரை. அதனால் ஆள் மாற்றும்போது வெளியே வருகிறவன் கோட்டோரம் நின்று பனியனைக் கழற்றி, வேர்வையைப் பிழிந்து, உள்ளே போகிறவனிடம் கொடுப்பான். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே மாட்டிக்கொண்டு ஓடுவான். ஜனங்கள் சிரிப்பார்கள். உடுப்பு நம்பர் மாறினால் மேசைக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் நடுவர்களும் ரேஷன் கார்டு வைத்திருந்தவர்கள்தானே. கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். நான் எங்கள் ஆட்களின் முகத்தைப் பார்த்து எழுதிவிடுவேன். நடேசனுக்கு நம்பர்தான் கணக்கு. இது எப்போதாவது ஒரு நாள் வம்பில் கொண்டுபோய் விடும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஏழாம் நம்பர் சவரிமுத்துவுடையது. உயரமாக, ஒல்லியாக இருப்பான். பந்தை வாங்குவதற்கு முன்பே அது யாரிடம் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலையில் இருந்தான். கப்பல் வரத்து குறைந்ததும் வேலை போய்விட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம். மனைவி பிள்ளைத்தாய்ச்சி. வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் இரண்டு பேரும் மச்சினன் வீட்டில் போய் இருந்தார்கள். மச்சினன் நல்ல மனிதன், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் சொல்லாமல் இருப்பதுதான் தொண்டையில் நிற்கிறது என்று சவரிமுத்து என்னிடம் ஒரு நாள் சொன்னான். இலையில் இரண்டாவது முறை சோறு வாங்குவதை நிறுத்திவிட்டதாகவும் சொன்னான். விளையாடுகிறவன் அரை வயிறு சாப்பிட்டால் என்னாகும்? எனக்குச் சங்கடமாக இருந்தது. என் சம்பளத்தில் நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து மில்காரர் வந்தார். அன்றைக்குச் சில பெரிய மில்களில் விளையாட்டு அணி வைத்திருந்தார்கள். நன்றாக ஆடுகிறவனை எடுத்து ஸ்டோர் குமாஸ்தா என்று பெயர் போட்டு, சம்பளமும் குடியிருக்க ஒரு லைன் வீடும் கொடுப்பார்கள். காலையில் பேருக்கு ஒரு கையெழுத்து, சாயங்காலம் பந்து. எங்கள் பக்கத்தில் யாருக்கும் அந்த யோகம் அடித்ததில்லை. சிதம்பரத்தில் நாங்கள் ஆடப்போகும் ஆட்டத்தைப் பார்த்து ஒரே ஒரு ஆளை எடுத்துப்போக வந்திருக்கிறேன் என்று அவர் சொன்னார். ஷூ போட்டிருந்தார், கையில் கருப்புக் குடை. ஆட்டம் தொடங்குவதற்கு முன் எங்கள் மேசைக்குப் பின்னால் பெஞ்சு போட்டு உட்கார்ந்துகொண்டு, தமக்கு என்ன வேண்டும் என்பதையும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

"அதிகமா பாயிண்ட் எடுக்கிற பையன் யாரோ அவன கூட்டிட்டுப் போவேன். எங்க முதலாளிக்கு ஆட்டம் தெரியாது சார், நம்பர் தெரியும்."

சவரிமுத்து காதில் இது விழுந்தது. பனியனை மாட்டிக்கொண்டு, எப்போதும்போல் விரல்களைச் சொடுக்கிக்கொண்டு உள்ளே போனான்.

ஆட்டம் ஆரம்பித்தது. சவரிமுத்து இரண்டு கூடை போட்டான். இரண்டு ஃபவுலும் வாங்கினான். அந்தக் காலத்து விதியில் ஒருவன் நாலு ஃபவுல் செய்தால் வெளியே போய்விட வேண்டும். மூன்றாவதாக ஒரு பந்துக்கு எழும்பினபோது சிதம்பரத்துப் பையன் ஒருவனின் முழங்கை இவன் மூக்கில் இடித்துவிட்டது. ரத்தம் கொட்டியது. கோட்டோரம் வந்து பனியனைக் கழற்றிக் கோவிந்தனிடம் கொடுத்துவிட்டுத் தலையை அண்ணாந்துகொண்டு உட்கார்ந்தான்.

கோவிந்தன் திருவதிகைக்காரன். பண்ருட்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டியில் மூட்டை எடைபோடுகிற வேலை. சவரிமுத்துவைவிட இரண்டு மூன்று வயது இளையவன். கை நல்ல கை, ஆனால் பதற்றக்காரன். அன்றைக்கு அந்த ரத்தம் பட்ட ஏழாம் நம்பர் பனியனில் என்ன இருந்ததோ, பையன் எடுத்த எடுப்பில் கலக்க ஆரம்பித்தான். மூலையிலிருந்து ஒன்று, பலகையில் பட்டு ஒன்று, பாதி ஆட்டத்துக்குள் ஐந்து கூடை. நடுவில் ஒரு ஃபவுல். நான் கோவிந்தன் பெயருக்கு நேரே எழுதினேன். பக்கத்தில் நடேசன் ஏழுக்கு நேரே எழுதிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் மில்காரர், "ஏழாம் நம்பர் பரவால்லியே" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் சவரிமுத்து மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். ஏழாம் நம்பர் அவனிடம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் ஐந்தாம் நம்பர்க்காரன் களைத்துப்போக, அவன் பனியனைப் போட்டுக்கொண்டு கோவிந்தன் மறுபடி உள்ளே போனான். ஆட்டம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கலாம். நாங்கள் நாலு பாயிண்ட் பின்னால். சிதம்பரத்துப் பையன் ஒருவன் கூடைக்குக் கீழே எழும்ப, சவரிமுத்து அவன் கையைத் தட்டிவிட்டான். நடுவர் விசில் ஊதினார்.

நடேசன் மேசையைத் தட்டினார். "ஏழாம் நம்பர், நாலு. வெளிய."

சவரிமுத்துவுக்கு அது மூன்றாவதுதான் என்று எனக்குத் தெரியும். நடுவில் ஒன்று கோவிந்தனுடையது. நடுவர் விருத்தாசலத்திலிருந்து வந்தவர், இரண்டு ஊரையும் சாராத பொது மனிதர். மேசைக்கு வந்து என் பக்கம் திரும்பி, "உங்க புக்ல எத்தன?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நடேசன் என் பக்கம் சாய்ந்து, மில்காரர் காதில் விழாதபடி மெல்லச் சொன்னார்.

"மச்சான், யோசிச்சிப் பேசு. ஃபவுல் அந்தப் பையனோடதுன்னா அந்த அஞ்சு கூடையும் அவனோடதுதான். ஒண்ணத் தள்ளிட்டு ஒண்ண வச்சிக்க முடியாது."

 அதுவரை எனக்கு இது உறைக்கவே இல்லை. நடேசனின் புக்தான் செல்லும் புக். அதில் ஏழாம் நம்பருக்குப் பதினாலு பாயிண்ட். இரண்டு அணியிலும் அதுதான் அதிகம். நான் நாலுதான் என்று தலையாட்டிவிட்டால் சவரிமுத்து வெளியே போவான், ஆட்டம் போகும், ஆனால் பதினாலு பாயிண்ட் அவன் பெயரில் நிற்கும். மில் வேலை அவனுக்கு. உண்மையைச் சொன்னால் அவன் உள்ளே நிற்பான், நாங்கள் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம். ஆனால் பதினாலில் பத்து கோவிந்தனுக்குப் போய்விடும். இவனுக்கு மிச்சம் நாலு.

சவரிமுத்துவைப் பார்த்தேன். இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு என்னைப் பார்க்காமல் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கணக்குத் தெரியும் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நடுவர் மறுபடி கேட்டார்.

"மூணு சார். நடுவுல ஒண்ணு கோவிந்தனோடது. பனியன் மாறிச்சு" என்றேன்.

நான் பெரிய சத்தியவான் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பையன் குதித்துப் போட்ட ஐந்து கூடையும் என் கண்ணுக்குள் நின்றன. அதை இன்னொருவன் பெயரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். மேசையில் உட்காருகிறவனுக்கு யோசிக்க நேரம் கிடையாது. கேட்டால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். நேரம் எடுத்துக்கொண்டு யோசித்தால் இரக்கம் வரும், ஊர்ப்பற்று வரும், எல்லாம் வரும். எனக்கு மட்டும் அன்றைக்கு அரை நிமிஷம் கூடுதலாகக் கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை.

நடேசன் உடனே, ஆமாம், பனியன் மாறியதை நானும் பார்த்தேன் என்று நடுவரிடம் ஒத்துக்கொண்டார். ரப்பரை எடுத்து ஏழுக்கு நேரே இருந்ததை அழித்து, பத்துப் பாயிண்டையும் ஒரு ஃபவுலையும் கோவிந்தன் பெயருக்கு மாற்றினார். மில்காரர் எட்டிப் பார்த்து, தாம் குறித்து வைத்திருந்ததையும் திருத்திக்கொண்டார்.

அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இன்னொரு ஃபவுல் செய்தால் வெளியே போக வேண்டும் என்ற நிலையில், மூக்கு வீங்கி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு சவரிமுத்து ஆடினான். தான் கூடைக்கு எறியவே இல்லை. இரண்டு பேரைத் தன் மேல் இழுத்துக்கொள்வான், பந்து எங்கே என்று அவர்கள் தேடுவதற்குள் அது கோவிந்தன் கையில் இருக்கும். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒன்று கொடுத்தான். தரையில் ஒரு தட்டுத் தட்டி இரண்டு கால்களுக்கு நடுவே ஒன்று. கோவிந்தன் செய்ய வேண்டியதெல்லாம் பிடித்துப் போடுவதுதான். சிதம்பரத்து ஜனங்களே கைதட்டினார்கள். ஒரே ஒரு பாயிண்டில் ஜெயித்தோம். அந்தப் பத்து நிமிஷத்துக்கு சவரிமுத்து பெயருக்கு நேரே எழுத எனக்கு ஒன்றுமே இல்லை. அவன் வரி வெறுமையாகக் கிடந்தது.

ஆட்டம் முடிந்ததும் கோவிந்தன் மேசைக்கு ஓடி வந்தான். மில்காரர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். பையனுக்கு விஷயம் அதற்குள் தெரிந்துவிட்டது. "எல்லாத்தையும் அண்ணன் போட்டதா எழுதிடுங்க சார், எனக்கு மண்டியில வேல இருக்குது" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நடேசன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் மாதிரிதான் தெரிந்தது. கொடுக்கிறவனே கொடுக்கிறேன் என்கிறான்.

பதில் சொன்னது எங்கள் இரண்டு பேருமல்ல. பின்னாலேயே வந்த சவரிமுத்து.

"எழுதாதீங்க. அங்க போனதும் இன்னிக்கிப் போட்ட மாதிரி போடுன்னு நிறுத்துவாங்க. நான் எங்க போயி போடுறது? போடா, போய் மூஞ்சக் கழுவு."

மில்காரர் கோவிந்தனை எடுத்தார். நடேசன் விடவில்லை. எங்களைத் தோற்கடித்தது அந்த மூக்கு வீங்கினவன்தான் என்று அவரிடம் வாதாடினார். தோற்ற ஊர்க்காரர் வாதாடுகிறாரே என்று மில்காரருக்கே ஆச்சரியம். இருந்தும் நாலு பாயிண்ட் எடுத்தவனை முதலாளியிடம் எப்படிக் காட்டுவது என்று கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் இரண்டு பேர் புக்கிலும் அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை.

சாயங்கால ரயிலில் திரும்பினோம். மற்றவர்கள் ஜெயித்த குஷியில் பாடிக்கொண்டு வந்தார்கள். சவரிமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நான் எதிரே. ஆலப்பாக்கம் தாண்டியது. அப்புறம் அவனே ஆரம்பித்தான்.

"நீங்க சொல்லலன்னா நானே வந்து சொல்லியிருப்பேன்னு உங்ககிட்ட சொல்லணும்னு ஆசையா இருக்குது. சொல்லியிருப்பேனான்னு தெரியல சார்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? ஸ்டேஷனில் இறங்கியதும் மச்சினன் வீட்டுப் பக்கம் போகாமல், கொஞ்ச நேரம் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிப் பிரிந்து போனான். அன்றைக்கு எனக்கு வந்த துக்கம் சாதாரணமானதல்ல. செய்தது சரி என்று தெரிந்தும் அது குறையவில்லை.

அடுத்த மாதம் சிதம்பரத்துக்காரர்கள் கடலூர் வந்தார்கள். நடேசன் வந்து உட்கார்ந்து புக்கைப் பிரித்தார். முதல் கூடை விழுந்தது. போட்டவன் பெயருக்கு நேரே இரண்டு எழுதினார். பிறகு அந்தப் பந்தைக் கொடுத்த சவரிமுத்துவின் பெயருக்கு நேரே, ஓரத்தில், பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

என்ன இது என்றேன்.

"நீயும் வையி. இவன் குடுத்து அவன் போட்டா இவனுக்கு ஒரு புள்ளி. அடுத்த தடவ அந்தக் குடைக்காரன் வருவான் பாரு, அப்ப காட்டலாம். உங்க ஆளக் கெளப்பி உட்டாத்தான் நாங்க ஜெயிக்க முடியும் மச்சான், வேற ஒண்ணும் இல்ல."

வேறு ஒன்றும் இல்லையாம்! அன்று முதல் ஒரு வருஷம் முழுக்க, இரண்டு ஊரிலும், பண்ருட்டியிலும் விருத்தாசலத்திலும் எங்கே ஆடினாலும் இரண்டு பேரும் புள்ளி வைத்தோம். வைப்பதிலும் ஓயாத சண்டை. பந்தை வாங்கினவன் ஒரு தட்டுக்கு மேல் தட்டிவிட்டால் அது அவன் சொந்தச் சம்பாத்தியம், புள்ளி கிடையாது என்பார் நடேசன். இரண்டு தட்டு வரை தரலாம் என்பேன் நான். கணக்கு வாத்தியாரோடு யார் மல்லுக்கட்டுவது? கடைசியில் அவர் சொன்னதே விதியாயிற்று. ஆட்டம் முடிந்ததும் இரண்டு புக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் இருந்தால்தான் புள்ளி நிற்கும். ஒன்றில் மட்டும் இருந்தால் அழித்துவிடுவோம். சவரிமுத்துவுக்கு மட்டும் வைத்தால் சலுகை ஆகிவிடும் என்று இரண்டு அணியில் எல்லோருக்கும் வைத்தோம். இதைப் பற்றி அவனிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அதற்காக ஆட ஆரம்பித்துவிடுவான், ஆட்டம் கெட்டுப்போகும் என்று நடேசன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவன் அந்த வருஷமெல்லாம் உப்பளத்திலும் கிடங்கிலும் கிடைத்த கூலி வேலைக்குப் போய்க்கொண்டு, சாயங்காலம் வந்து ஆடினான். பெண் குழந்தை பிறந்திருந்தது.

குடைக்காரர் நிஜமாகவே வந்தார். ஆனால் கோபத்தோடு வந்தார். கோவிந்தன் மில் அணியில் சோபிக்கவில்லையாம். ஒரு வருஷமாக ஆடியும் பேர் சொல்லும்படி ஒன்றும் செய்யவில்லையாம். உங்கள் புக்கை நம்பி மோசம் போனேன் என்று மேசைக்கு எதிரே நின்று நடேசனைக் கேட்டார். நடேசன் எழுந்துவிட்டார்.

"புக்கு பொய் சொல்லல சார். நீங்க போட்டவன் யாருன்னு கேட்டீங்க. குடுத்தவன் யாருன்னு கேக்கல."

கேட்டுவிட்டு அவர் போய்விடுவார் என்று பயந்து நான் இரண்டு புக்கையும் அவர் முன்னால் விரித்தேன். புள்ளி என்றால் என்ன என்று விளக்கினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். இரண்டு அணியிலும் மற்ற எல்லோருடைய புள்ளிகளையும் சேர்த்தாலும் சவரிமுத்துவின் புள்ளிக்குப் பக்கத்தில் வரவில்லை. வேறு வேறு ஊர்க்காரர்கள் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள், ஒரே மாதிரி எழுதியிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கோவிந்தனும் அங்கே சும்மா இருக்கவில்லை என்பது அவர் பேச்சில் தெரிந்தது. அண்ணன் கொடுத்தால்தான் எனக்குக் கை வரும் என்று மில்லில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். அன்றைய ஆட்டத்தைக் குடைக்காரர் பெஞ்சில் உட்காராமல் நின்றே பார்த்தார். பந்தைப் பார்க்காமல் சவரிமுத்துவையே பார்த்தார். முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, குடும்பத்தோடு வர முடியுமா என்று கேட்டார்.

சவரிமுத்து எங்கள் மேசையைத் திரும்பிப் பார்த்தான். நடேசன் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே மெட்ராஸ் ரயிலேறினார்கள். மச்சினன்தான் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்தான். வீட்டில் பேசாத மனிதன் பிளாட்பாரத்தில் அழுதான். ஏழாம் நம்பர் பனியனை சவரிமுத்துவின் மனைவி துவைத்து மடித்து என்னிடம் கொடுத்தாள். மூக்கு ரத்தக் கறை முழுக்கப் போகவில்லை.

இப்போது உங்கள் தாளில் அசிஸ்ட் என்று தனிக் கட்டம் அச்சடித்தே வருகிறது. கம்ப்யூட்டர் வேறு வரப்போகிறது என்கிறார்கள், வரட்டும். வெளிநாட்டில் அதை எப்போது யார் எழுத ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் அது ஒரு மனிதனின் சோற்றுக்காக வந்தது. அன்றைக்குக் கேள்வி கேட்ட அம்மா, உன்மேல் எனக்கு வருத்தமில்லை. அடுத்த முறை அந்தக் கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோகும்போது ஒரு கண்ணால் பந்தையும் இன்னொரு கண்ணால் அது வந்த கையையும் பார். அது போதும்.

சவரிமுத்து போன பிறகு நாங்கள் ஆடிய முதல் ஆட்டம் சிதம்பரத்தில். நன்றாக உதை வாங்கினோம். இவ்வளவு வித்தியாசத்தில் எங்களை அவர்கள் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. கீழவீதிப் பையன்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு கோர்ட்டைச் சுற்றி ஓடினார்கள். நடேசன் ஆசைப்பட்டது நடந்துவிட்டதே, இனி ஒரு மாதம் என்னைக் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார் என்று நினைத்துக்கொண்டு புக்கை மூடப் போனேன். அவர் மூடவில்லை. எங்கள் அணியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏழாம் நம்பருக்கு நேரே பென்சில் முனையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஜெயிச்சிட்டீங்களே, போதுமா?" என்றேன்.

"என்னத்த ஜெயிச்சோம் மச்சான்" என்றார். "ஆட்டம் பூரா கை புள்ளி வைக்கத் தேடுது. வைக்க ஆளில்ல."

பிறகு இருவரும் எழுந்து காப்பி குடிக்கப் போனோம். அன்றைக்குச் சண்டை போட எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.